ஊருணிக் கரையிலிருந்து எடுத்த படம்

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் விரிவாகச் சொல்வேன். செயற்கைக்கோள் எடுக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் பார்ப்பாள். மின்கம்பி போகும் பாதையில் எந்த மரம் கம்பியை நெருங்குகிறது என்று குறிப்பாள். அந்தக் குறிப்பை வைத்துக் கரண்டு ஆபீஸ் ஆட்கள் வந்து கிளையை வெட்டுவார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நான் அரிமளம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஜன்னலுக்கு அந்தப்புறமிருந்து நீளும் கைகளில் மாத்திரை எண்ணிக் கொடுப்பது என் வேலை. கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே பெண். அவளைப் பற்றிய பயம் அவள் பிறந்த நாளிலிருந்தே என்னிடம் ஒரு வியாதியைப் போல இருக்கிறது. அவள் புதுக்கோட்டையில் காலேஜ் படித்த நாட்களில் பஸ் பத்து நிமிடம் தாமதமானாலும் எனக்கு மருந்துச் சீட்டில் எழுத்து ஆடும். சென்னையில் வேலை கிடைத்தபோது எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தேன். அதனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் அவளைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன். பின்னறையில் தையல் மிஷின் இருந்த இடத்தில் மேசை போட்டுக் கொடுத்தேன். பக்கத்திலேயே இருக்கிறாள், இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

அவள் வேலையை எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறாள். திரையில் ஊர் மேலிருந்து தெரியும். ஊருணி கறுப்பாக, தைலமரக் காடு கட்டம் கட்டமாக, வயல்கள் பாய் விரித்ததுபோல. அவற்றின் மேல் மின்பாதை ஒரு வெள்ளைக் கோடாக ஓடும். அதே இடத்தின் படம் மாதா மாதம் வரும். எந்த இடத்தில் பச்சை கூடியிருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது என்பாள்.

“அது சொல்றது பாதிதாம்மா. மரமும் ஒண்ணுதான், மரத்தோட நெழலும் ஒண்ணுதான் அதுக்கு. மனுசக் கண்ணு வேணும்.”

நிழலின் நீளத்தையும் படம் எடுத்த நேரத்தையும் வைத்து ஒரு மரம் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். கம்பிக்கு ஆபத்தான மரத்துக்குச் சிவப்பு. ஒரு வாரத்துக்குள் ஆள் போய் வெட்டியாக வேண்டும். தள்ளியிருந்தால் மஞ்சள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். இரண்டுக்கும் நடுவே சந்தேகமாக இருந்தால் தரையில் நின்று ஒருவர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதற்குக் கம்பெனியில் ஓர் ஆள் இருந்தார். இந்த மாவட்டம் முழுக்க அவர் ஒருவர்தான். எப்போது கூப்பிட்டாலும் மாவட்டத்தின் மறுகோடியில், கோட்டைப்பட்டினம் பக்கம் இருப்பதாகச் சொல்வார்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றிய அக்காவுக்கு இந்தப் படங்களைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. பக்கத்துத் தெருக்காரர். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அக்காவுக்கு ஒரு மாடு, ஒரு கன்று. என்னிடம்தான் பிரஷர் மாத்திரை வாங்குவார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், “மாத்திரை குடுக்குறவுகதான் எங்களுக்கு டாக்டரு” என்று சொல்லி டாக்டரம்மா என்றே கூப்பிடுவார். காலையில் பாலை அளந்துவிட்டு நேரே பின்னறைக்குப் போய்விடுவார்.

“ஏண்டி வானத்துக்காரி, ஏம் மாடு தெரியுதா இதுல?”

“ஒரு புள்ளி மாதிரி தெரியும் பெரியம்மா.”

“நான் தெரிவேனா?”

“நீங்க தெரிய மாட்டீங்க.”

“அப்பாடா. பாலுல தண்ணி ஊத்துறது தெரிஞ்சிருமோன்னு பயந்துட்டேன்.”

என் மகள் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பின்னால் தள்ளிவிடுவாள். அந்தச் சிரிப்பை நான் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் அய்யனார் கோயில், காட்டுக்குள் இருக்கிறது. காடு என்றால் பெரிய காடு இல்லை. வீரை, பாலை, உசிலை என்று பழைய மரங்கள் அடர்ந்த நாலைந்து ஏக்கர். அதன் கிழக்கு ஓரத்தில், ஊருணிக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவில் ஒரு பெரிய இலுப்பை நின்றது. அதை ஒட்டி மின்கம்பி போகிறது. பங்குனியில் இலுப்பை இலை உதிர்த்து நிற்கும். அந்த மாதப் படத்தில் மரத்துக்கும் கோட்டுக்கும் நடுவே நல்ல இடம் இருந்தது. சித்திரையில் துளிர்த்தபிறகு வந்த படத்தில் பச்சை கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் மகள் அதைச் சந்தேகப் பட்டியலில் வைத்தாள். மற்ற ஊர்களின் மரங்களோடு ஒன்றாகத்தான் வைத்தாள். அது எங்கள் ஊர் மரம் என்பதற்காகக் கூடுதலாகவும் பார்க்கவில்லை, குறைவாகவும் பார்க்கவில்லை.

பட்டியல் கரண்டு ஆபீஸுக்குப் போனது. லைன்மேன் அதைப் பார்த்துவிட்டு டீக்கடையில் சொன்னார். மறுநாள் காலை அய்யனார் திருவிழாவை நடத்தும் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என் கணவருக்குச் சித்தப்பா முறை. நான் மாமா என்று கூப்பிடுவேன்.

“என்னத்தா, ஒம் மக வானத்துல ஏறி நின்னுக்கிட்டு அய்யனாரு மரத்த வெட்டச் சொல்லுதாம்ல?”

“மரத்த இல்ல தாத்தா. ஒரு கெளைய மட்டும்தான்” என்றாள் என் மகள்.

“கெளைன்னாலும் பச்சைதான? காப்புக் கட்டியாச்சு. புரவி எறங்குற வரைக்கும் இந்த ஊருல ஒருத்தன் பல்லுக்குச்சி ஒடிக்க மாட்டான். நானே பேஸ்ட்டுக்கு மாறிட்டேன், வாயெல்லாம் எரியுது.”

புரவி எடுப்புக்குக் காப்புக் கட்டிவிட்டால் பதினைந்து நாள் ஊரில் பச்சை மரத்தில் கத்தி படக் கூடாது. மண் குதிரைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் இறக்கியபிறகுதான் அரிவாள் எடுப்பார்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வருடம்கூட இது மாறியதில்லை. அந்த நாட்களில் ஆட்டுக்கு இலைக்குழை ஒடிப்பவர்கள்கூட வைக்கோலும் கடலைக்கொடியும் போட்டுச் சமாளிப்பார்கள்.

“பதினஞ்சே நாளு” என்றார் மாமா. “அதுக்கப்புறம் நானே அருவாளத் தீட்டிக் குடுக்குறேன்.”

போகும்போது என்னை மட்டும் வாசல் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நீ சொன்னாக் கேக்கும்த்தா. காப்புக்குள்ள வெட்டிட்டு, நாளைக்கு ஊருல யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, இந்தப் புள்ளையாலதான்னு பேசுவாக. நான் பேச மாட்டேன். ஊரு வாயி பேசும். கல்யாணம் ஆக வேண்டிய புள்ள.”

அவர் மிரட்டவில்லை. அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் ஊரில் யார் வீட்டில் காய்ச்சல் வந்தாலும், யார் மாடு கன்று போட்டுச் செத்தாலும் என் மகளைக் கைகாட்டுவார்கள் என்ற எண்ணம் அன்று பகல் முழுவதும் மாத்திரை ஜன்னலில் என்னோடு உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். “ஒரு பதினஞ்சு நாள் தள்ளிப் போடேன்.”

“தள்ளிப் போடறதுக்குன்னு அதுல பட்டன் இல்லம்மா. சிவப்பு, இல்லாட்டி மஞ்சள்.”

“அப்ப மஞ்சள் போடு.”

“தள்ளி இருந்தாப் போடறேன். நீதான் அந்த வழியா வேலைக்குப் போறல்ல? கம்பெனி ஆளு வர ஒரு வாரம் ஆகும்ங்கிறாரு. நாளைக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. போஸ்ட்டுக்கு அடியில நின்னு, கம்பி போற தெசையப் பாத்து எடுக்கணும். அங்கிட்டு இங்கிட்டு நகந்தாக்கூடத் தப்பாத் தெரியும்.”

மறுநாள் ஸ்கூட்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். முதலில் அவள் சொன்ன இடத்தில்தான் நின்றேன். அதை நான் மறைக்க விரும்பவில்லை. போஸ்ட்டின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். செம்பு நிறத்தில் புது இலைகளோடு ஒரு கிளை கம்பியை நோக்கி ஏறியிருந்தது. நுனிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. படிக்காதவர்கள் பார்த்தாலும் புரியும். எனக்கும் புரிந்தது.

பிறகு மெதுவாக நடந்து ஊருணிக் கரைமேல் ஏறினேன். அங்கிருந்து பார்த்தபோது கிளை கீழேயும் கம்பி மேலேயும் தெரிந்தன. நடுவில் நல்ல அகலமாக வானம் தெரிந்தது. மூன்று படம் எடுத்தேன். அதில் வானம் அதிகம் தெரிந்த ஒன்றை அனுப்பினேன்.

மத்தியானம் போன் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“அம்மா, போஸ்ட்டுக்கிட்ட நின்னுதானே எடுத்தே?”

“ஆமா.”

போனில் அவள் மௌஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு “சரிம்மா” என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது, “மஞ்சள் போட்டுட்டேன்” என்றாள். நான் காப்பி போடப் போய்விட்டேன்.

காப்புக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து நாளும் ஓர் இலை அசையாத வெயில். புரவி எடுப்பு நன்றாக நடந்தது. குதிரைகளைத் தோளில் தூக்கி வந்தவர்களின் கால் கொப்புளத்துக்கெல்லாம் மறுநாள் நான்தான் களிம்பு கொடுத்தேன். பால்கார அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து என் மகளிடம், “இன்னைக்காவது தெரிவேனாடி வானத்துல? செவப்புச் சேல கட்டியிருக்கேன்” என்றார். “செவப்புன்னா ஆபத்து பெரியம்மா, ஆள் அனுப்பி வெட்டிருவாங்க” என்று இவள் பதில் சொல்ல, இருவரும் கூட்டத்தில் நின்று சிரித்தார்கள்.

மாமாவும் சொன்ன சொல் தவறவில்லை. திருவிழா முடிந்த இரண்டாம் நாள் லைன்மேனைப் போய்ப் பார்த்துக் கிளையை வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். லைன்மேன் புதிதாக வந்திருந்த சிவப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். “இதுல அந்த மரம் இல்லைங்க. லிஸ்ட்டுல இல்லாத எடத்துக்கு லைன நிறுத்தித் தர மாட்டாங்க.” மாமா என்னிடம் வந்தார்.

“ஒம் மககிட்டச் சொல்லி லிஸ்ட்டுல ஏத்தச் சொல்லுத்தா. இப்ப அய்யனாருக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.”

“நான் சொல்றேன் மாமா” என்றேன்.

நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். போஸ்ட்டின் அடியில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை திருமயத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அடுத்த வாரம் காய்ச்சல் முகாம், ஊர் ஊராகப் போனோம். இந்தக் காரணங்களை நான் பலரிடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை வேறு. சரியான இடத்திலிருந்து படம் அனுப்பினால் அவள் பழைய படத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாள். அம்மா பொய் சொன்னாள் என்று தெரிந்துவிடும். இருபத்து மூன்று வயது மகளிடம் ஒரு சின்னப் பொய்யை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தினமும் வேலைக்குப் போகும்போது அந்த இலுப்பையைக் கடந்துதான் போனேன். கடக்கும்போது சாலையையே பார்த்துக்கொண்டு போவேன்.

திருவிழா முடிந்து பன்னிரண்டாம் நாள், சாயங்காலம் நாலரை மணி வாக்கில் காற்று வந்தது. கோடை மழைக்கு முன்னால் வருமே, அந்தக் காற்று. சுகாதார நிலையத்தின் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. கரண்டு போனது. கால் மணி நேரம் மழை வெளுத்து வாங்கிவிட்டு நின்றது. நான் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். பல நாள் புழுக்கத்துக்குப் பிறகு குளிர்ச்சியாக இருந்தது. அதை ரசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஊருணிப் பக்கம் கூட்டம் நின்றது. யாரோ, “டாக்டரம்மா வந்துட்டாக, வழிய விடுங்க” என்றார்கள். இன்னொருவர், “கிட்டப் போகாதீங்க, லைனு நின்னுச்சான்னு தெரியல” என்று என் கையைப் பிடித்தார். மேய்ச்சல் நிலத்தில் மாடு ஒருக்களித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் பால்கார அக்கா கவிழ்ந்து கிடந்தார். மழை விட்டதும் மாட்டை அவிழ்க்க வந்திருக்கிறார். ஈரப் புல்லுக்குள் கம்பி கிடந்தது தெரியவில்லை. கையில் கயிறு அப்படியே இருந்தது. கன்று தூரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

மாமா போனில் லைன்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார். “நிறுத்திட்டீகளா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. நிறுத்திட்டீகளா?”  அந்தப் பதில் வரும் வரை இருபது அடி தள்ளி நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோருடைய கண்ணும் நடுநடுவே என் பக்கம் திரும்பியது. என்னிடம் ஏதோ மருந்து இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். லைன் நின்றுவிட்டது என்று தெரிந்தபிறகு போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன். போன வாரம் பிரஷர் பார்க்க நான் பட்டை சுற்றிய அதே கை. பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

காற்றில் கிளை கம்பியில் மோதி மோதி, ஒட்டுப்போட்டிருந்த இடத்தில் கம்பி விட்டுவிட்டது என்று லைன்மேன் சொன்னார். கம்பி அறுந்தால் தானாக மின்சாரம் நிற்க வேண்டும். சில சமயம் நிற்காது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் மகள் ஓடி வந்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து இலுப்பையைப் பார்த்தாள். அழவில்லை. திரும்பி வீட்டுக்குப் போனாள். நான் வீட்டுக்கு வந்தபோது மேசையில் உட்கார்ந்து நான் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா மஞ்சள் போட்டேன்” என்றாள்.

நான் அவள் தோளைத் தொட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

கம்பெனியில் வீடியோவில் கூப்பிட்டு விசாரித்தார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். தரையிலிருந்து வந்த படத்தில் இடைவெளி இருந்தது, அதன்படி மஞ்சள் போட்டது முறைதான், உன்மேல் தவறில்லை என்று நல்லவிதமாகவே சொன்னார்கள். அவள், “இல்ல சார், நான் பாத்திருக்கணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டாள். மேசையில் லேப்டாப் மூடியே கிடந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவாள். நாங்கள் பாக்கெட் பாலுக்கு மாறியிருந்தோம். அதில் போட்ட காப்பியை அவள் ஒரு நாளும் முழுவதாகக் குடிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து அவள் அப்பா பேசினால், “ம்” என்பாள். எனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் இவளை இதிலிருந்து எடுத்துவிடலாம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் சோறு போட்டேன், துணி மடித்தேன், வேலைக்குப் போனேன்.

பதினாறாம் நாள் கருமாதி. அக்காவின் மகன் மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு நின்று, வந்தவர்களுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தான். பந்தல் ஓரத்தில் என் மகளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான். குற்றம் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“ஏன் தங்கச்சி, நீ மேலேருந்து எல்லாம் பாப்பேன்னு ஆத்தா போன்ல சொல்லும். அந்தக் கெளை ஒனக்குத் தெரியலயா?”

“தெரிஞ்சுச்சு அண்ணே. நான்தான் தப்பா முடிவு பண்ணிட்டேன்.”

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. யாரோ கூப்பிட, போய்விட்டான். நான் இரண்டடி தள்ளி நின்றேன். பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடாமல் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

வந்ததும் நின்றபடியே சொன்னேன். போஸ்ட்டின் அடியில் நின்று பார்த்தது, ஒரு முழம் இல்லை என்று தெரிந்தது, கரைமேல் ஏறியது, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது, போனில் பொய் சொன்னது, பன்னிரண்டு நாள் சும்மா இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். “ஒன் தப்பு ஒண்ணுமே இல்லடி. எல்லாம் நான் செஞ்சது” என்றேன். சொன்னவுடன் அவள் என்னைத் திட்டுவாள், கத்துவாள், அதோடு அவள் மேலிருந்து அந்தப் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரியும்மா.”

“எப்ப?”

“நீ அனுப்புன அன்னைக்கே. நெழல் வேற பக்கம் விழுந்திருந்துச்சு. போஸ்ட்டுக்கிட்ட நின்னா அந்தப் பக்கம் விழாது. ஓரத்துல கரை மண்ணு வேற கொஞ்சம் தெரிஞ்சுச்சு. நான் பாக்குற வேலையே அதுதானே.”

நான் அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“அதனாலதான் போன் பண்ணிக் கேட்டேன். நீ ஆமான்னே. எனக்கும் ஆமான்னு இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு. தாத்தா வந்து பேசிட்டுப் போனதுலேருந்து நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும். சரி, பதினஞ்சு நாள்தானேன்னு நெனச்சேன். அப்புறம் நீ வேற போட்டோ அனுப்புவேன்னு பாத்தேன். நானா கேட்டா, நீ பொய் சொன்னதா ஆயிருமேன்னு கேக்கல.”

இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில், திருவிழா முடிந்த பிறகும் பன்னிரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறோம். அந்த நேரத்தில் அக்கா தினமும் காலையில் பால் ஊற்றிவிட்டு, மாட்டை அந்த இடத்தில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்.

“நீ சொன்னதுனால எனக்குக் கொறையலம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் இன்னும் இருக்கிறது என்று நோயாளி சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு தாளில் எழுதினேன். மருந்து இருப்பு எழுதுவதுபோல நடந்ததை வரிசையாக எழுதினேன். கடைசியில், இதில் என் மகளின் தவறு எதுவும் இல்லை என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் அந்தத் தாளையே எழுதினேன் என்றும் சொல்லலாம். கீழே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் போனோம். பந்தல் பிரித்திருந்தார்கள். அவன் வாசலில் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். “வாங்க சின்னம்மா” என்று நாற்காலி எடுத்துப் போட்டான். நான் உட்காராமல் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். இரண்டு வரி தாண்டியிருக்க மாட்டான்.

“எனக்குக் கண்ணு ஓடல சின்னம்மா. என்னன்னு வாசிச்சுச் சொல்லுங்க.”

 என் மகள் அவன் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். நின்றபடி, எங்கும் தடுமாறாமல் வாசித்தாள். நான் எழுதிய வார்த்தைகள் அவள் குரலில் வந்தன. ஊருணிக் கரையில் நின்று படம் எடுத்தேன். கம்பத்தின் அடியில் நின்றதாக என் மகளிடம் பொய் சொன்னேன். திருவிழா முடிந்த பிறகும் சரியான படத்தை அனுப்பவில்லை. அவன் கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டான். பாதியில் தடவுவதை நிறுத்திவிட்டான்.

கடைசி வரி வந்தபோது அவள் நின்றாள். அதன் மேல் விரல் இருந்தது. எனக்கு அந்த வரி மனப்பாடம். அவள் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தேன். அவள் அதை வாசிக்கவில்லை. தேதியையும் என் பெயரையும் மட்டும் வாசித்தாள்.

பிறகு என் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நாற்காலியின் மேல் தாளை வைத்துக் குனிந்து அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். அதை அவன் கையில் கொடுத்துவிட்டு, “படத்துல நெழலப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுச்சு அண்ணே” என்றாள்.

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.  தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கீழே வைத்த தண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.